கேளாமல் நாடு கடத்தாதே!

முள்ளிவாய்க்கால் கடற்கரை மனிதத் துயருக்குப் புதியதன்று. 2009ஆம் ஆண்டு மே மாதத்தில் அக்கரையில் நடந்தவற்றைத் தமிழ்மக்கள் மறக்கவுமில்லை. அவற்றுக்கு உலகம் நீதி வழங்கவுமில்லை. அதே கரையை நோக்கி 2024 டிசம்பர் 19ஆம் திகதி ஒரு படகு வந்தது. அதில் இருந்தோர் பர்மாவின், அதாவது இன்றைய மியான்மரின், அரக்கான் பகுதியைச் சேர்ந்த றோகிங்கிய முஸ்லிம்கள். நூறு பேருக்கு மேல். அவர்களுட் குழந்தைகள் பலர். பசியாலும் தாகத்தாலும் வாடி நின்ற அம்மக்களுக்கு முதலில் உணவும் நீரும் கொடுத்தவர்கள் அமைச்சர்களுமல்லர், அதிகாரிகளுமல்லர். ஒருகாலத்தில் தாமும் அதே கரையிற் பட்டினி கிடந்த கடற்றொழிலாளரும் ஊர்மக்களுமே அவ்வறத்தைச் செய்தனர்.

அதன்பின் அரசாங்கத்தின் கை நீண்டது. படகு திருகோணமலைக்குக் கொண்டுசெல்லப்பட்டது. வந்தவர்களுட் சிலர் விளக்கமறியலுக்கு அனுப்பப்பட்டனர். மற்றையோர் கேப்பாப்புலவு விமானப்படை முகாமில் அடைக்கப்பட்டனர். கேப்பாப்புலவு! தம் சொந்தக் காணியைப் படையினரிடமிருந்து மீட்பதற்காக 2017இல் நம் தாய்மார் இரவும் பகலும் வீதியோரத்தில் இருந்து போராடிய அதே ஊர். நாட்டின் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் அதிகாரிகளே முதலில் அம்முகாமினுள் அனுமதிக்கப்படவில்லை. வந்தவர்கள் ஆட்கடத்தற்காரரின் ஏற்பாட்டில் வந்தவர்கள் என்றும், திருப்பியனுப்பப்படலாம் என்றும் அரசாங்கத் தரப்பிற் பேச்செழுந்தது. 2025 சனவரியில் முல்லைத்தீவு மக்கள் அதனை எதிர்த்து வீதிக்கு வந்தனர்.

இந்நிகழ்ச்சியை ஒரு நாட் செய்தியாகக் கருதி நாம் விட்டுவிட முடியாது. அனுமதியின்றி நாட்டினுள் வருபவரை ஓர் அரசு எவ்வாறு நடத்தவேண்டும், யாரை அனுப்பலாம், யாரை அனுப்பலாகாது என்னும் கேள்வி நம் கரையிலேயே வந்து நிற்கிறது. இக்கேள்விக்கு விடை கூறும் தகுதி இத்தீவில் வேறெவரைக் காட்டிலும் தமிழ்பேசும் மக்களுக்கே அதிகம் உண்டு. ஏனெனில், நாடு கடத்தப்பட்டவர்களும் நாமே. நாடு நாடாகத் தோணியேறி ஓடியவர்களும் நாமே.

எல்லை காப்பது குற்றமன்று

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுவோம். எல்லையைக் காக்கும் உரிமை எந்த நாட்டுக்கும் உண்டு. வீட்டுக்கு வேலியும் படலையும் இருப்பது போல நாட்டுக்கு எல்லையும் சட்டமும் வேண்டும். யார் வருகிறார், யார் போகிறார், எதற்காக வருகிறார் என்பதை அறியாத அரசு அரசாகாது. கஞ்சாவும் ஆயுதமும் கடல்வழியே வந்து இறங்கும்போது முதலிற் கெடுவது நம் வடபகுதி இளைஞரின் வாழ்வேயன்றிக் கொழும்பாரின் வாழ்வன்று. விசாக்காலம் முடிந்தபின்னும் தங்கித் தொழில் செய்பவரை வெளியேறச் சொல்வதும் அநீதியன்று. எல்லா எல்லைகளையும் திறந்துவிடுங்கள் என்று நாம் வாதிக்கவில்லை.

நாம் வாதிப்பது வேறு. வேலியைத் தாண்டி ஒருவன் வந்தால் அவன் மாட்டைத் திருட வந்தவனா, தன் வீடு பற்றியெரிய உயிர்தப்பி ஓடிவந்தவனா என்று கேட்டறிந்த பின்னரே அவனை என்ன செய்வதென்று முடிவு செய்யவேண்டும். கேட்கும்போது அவன் சொல்வதை அவன் மொழியிற் கேட்கவேண்டும். கேட்பவர் பொலிசாராகவோ படையினராகவோ இன்றி, நீதியின்வழி நிற்பவராக இருக்கவேண்டும். அவ்விசாரணை முடியுமுன் ஒருவரையும் அனுப்பலாகாது. இவ்வளவே நம் கோரிக்கை. சிறிய கோரிக்கைதான், ஆயின் கடந்த முக்கால் நூற்றாண்டாக இந்நாடு இதனை ஏற்க மறுத்துவந்த கதையே நம் கதை.

தீர்ப்பாகிவிட்ட ஒரு சொல்

'கள்ளத்தோணி' என்ற சொல்லை அறியாத தமிழன் இத்தீவில் இல்லை. தென்னிந்தியக் கரையிலிருந்து மன்னாருக்கும் வடகரைக்கும் இரகசியமாக வந்திறங்கியோரைக் குறிக்கப் பிறந்த சொல் அது. அவ்வாறு வந்தோர் இருந்தனர் என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் அச்சொல் கரையோடு நிற்கவில்லை. தோட்டத்து லயங்களுக்கு ஏறியது. கொழும்புத் துறைமுகத்துக் கூலியாளரைத் தொடர்ந்தது. கடைச் சிப்பந்தியைப் பிடித்தது. இறுதியில் தமிழ் பேசிய எவரையும் பஸ் வண்டியிலும் சந்தையிலும் இழிவுசெய்யும் வசைச் சொல்லாயிற்று. குற்றச்சாட்டாகப் பிறந்த சொல் விசாரணையின்றியே தீர்ப்பாகிவிட்டது.

சட்டமும் அவ்வழியே சென்றது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் யாது செய்தது? இந்நாட்டிற் பிறந்தது மட்டும் போதாது. தகப்பனார் இங்கு பிறந்திருக்கவேண்டும், அல்லது பாட்டனாரும் பூட்டனாரும் இங்கு பிறந்திருக்கவேண்டும் என்று விதித்தது. பாட்டன் பிறந்ததற்குச் சாட்சிப் பத்திரம் எத்தனை வீடுகளில் இருந்தது? நம் வாசகர்களான கமக்காரரைக் கேட்கிறோம்: காணி உறுதி பெட்டியில் இருக்கும், பாட்டனாரின் பிறப்புச் சாட்சிப் பத்திரம் இருக்கிறதா? உங்களிடம் அதனை எவரும் கேட்கவில்லை. மலைநாட்டுத் தொழிலாளியிடம் மட்டும் கேட்டார்கள். சட்டத்தின் சொற்கள் எல்லாருக்கும் பொதுவாக இருந்தன; அதன் கத்தி ஒரு சாராரின் கழுத்திலேயே விழுந்தது.

அடுத்து 1949இல் இந்திய பாகிஸ்தானியர் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. 1946ஆம் ஆண்டு பிறக்குமுன் விவாகமானோர் 7 வருடமும் ஆகாதோர் 10 வருடமும் இங்கு இடைவிடாது வசித்ததைக் காட்டவேண்டும் என்றனர். ஏறத்தாழ 8 இலட்சம் பேருக்காக விண்ணப்பங்கள் குவிந்தன. ஏறத்தாழ 1,34,000 பேருக்கே உரிமை கிட்டியது. அதே 1949இல் வாக்குரிமையும் பறிக்கப்பட்டது. நீதிமன்றம் சென்றோருக்கு 1953இல் இலண்டன் பிரிவிக் கவுன்சிலும் கைவிரித்தது. இந்நாட்டின் தேயிலையைத் தம் கையாற் கொய்தவர்கள் எந்நாட்டுக்கும் உரியரல்லாதவராயினர்.

குடிவரவு குடியகல்வுச் சட்டமும் அதே 1948இல் நிறைவேறியதே. 1952 முதல் இராணுவம் வடகரையிற் காவலுக்கு நிறுத்தப்பட்டது. கள்ளக் குடியேற்றத்தைத் தடுப்பது என்ற பெயரில் வந்த படை, பின்னாளில் எவ்வளவு காலம் எவ்வாறு நம்மிடையே தங்கியது என்பதை நாம் விரித்துரைக்க வேண்டியதில்லை.

நம்மவர் பங்கு

பிறரைக் குறை கூறுமுன் நம் முகத்தையும் கண்ணாடியிற் பார்ப்போம். 1948இல் பிரஜாவுரிமை மசோதாவைத் தமிழ்க் காங்கிரஸ் எதிர்த்தது. ஆயினும் அவ்வாண்டு முடிவதற்குள் அதன் தலைவர் மந்திரியாகி, அடுத்த மசோதாவுக்கு ஆதரவு தந்தார். இன்று மலைநாட்டானுக்கு நேர்வது நாளை நமக்கும் நேரும் என்று எச்சரித்துப் பிரிந்து சென்றவர் செல்வநாயகம் அவர்கள். 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சி பிறந்ததன் காரணங்களுள் இதுவும் ஒன்று. அவ்வெச்சரிக்கை பலித்ததைக் காண 1956ஆம் ஆண்டே போதுமாயிருந்தது.

தலைவர்களோடு நிறுத்திவிடவும் கூடாது. 1958, 1977, 1983 ஆகிய ஆண்டுகளின் வன்செயல்களுக்குப் பின் மலைநாட்டு மக்கள் வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் வந்தார்கள். காடு வெட்டினார்கள், நம் வயல்களிற் கூலிக்கு நின்றார்கள். அவர்களின் உழைப்பு நமக்கு இனித்தது. அவர்களுக்குக் காணி அனுமதிப்பத்திரம் வேண்டும் என்று கேட்க நம்மில் எத்தனை பேர் முன்வந்தோம்? 'கள்ளத்தோணி' என்ற சொல் நம்மவர் வாயிலிருந்தும் வந்ததுண்டு. சிங்களப் பேரினவாதி சொன்னாற் சுடும் சொல் யாழ்ப்பாணத்தான் சொன்னால் மட்டும் குளிருமா? இப்பழியை ஒப்புக்கொண்டு கழுவாதவரை, றோகிங்கியருக்காக நாம் எழுப்பும் குரலில் வலிமை இராது.

ஒப்பாரிக் கோச்சி கற்பித்த பாடம்

நாடு கடத்துவதாற் பிரச்சினை தீரும் என்று நம்புவோர் 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி ஒப்பமிடப்பட்ட சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தை ஆராயட்டும். 9,75,000 பேரின் தலைவிதி அதில் எண்ணாக எழுதப்பட்டது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு. 3,00,000 பேர் இலங்கைக்கு. மிகுதி 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் பேசுவோம் என்றனர். 1974இல் அந்த மிகுதியையும் பாதிக்குப் பாதியாகப் பிரித்தனர். அம்மக்களிடம் ஒரு வார்த்தை கேட்கப்படவில்லை. சந்தையில் ஆட்டை மாட்டைப் பங்கிடுபவனும் அவற்றின் பல்லைப் பிடித்துப் பார்ப்பான். இங்கு அதுவும் நிகழவில்லை.

மலைநாட்டிலிருந்து தலைமன்னாருக்குச் சென்ற புகையிரதத்துக்கு மக்கள் 'ஒப்பாரிக் கோச்சி' என்று பெயரிட்டார்கள். அண்ணன் ஒரு கரையிலும் தம்பி மறுகரையிலும் ஆயினர். மூன்று இலட்சத்துக்கு மேற்பட்டோர் அவ்வாறு இராமேஸ்வரத்தில் இறங்கினர். தாம் காணாத 'தாய்நாட்டில்' அவர்களுக்கு இட்ட பெயர் 'சிலோன்காரர்'. இங்கே இந்தியன், அங்கே சிலோன்காரன். நீலகிரியில் மறுபடியும் தேயிலைக் காட்டிலேதான் பலருக்குப் பிழைப்புக் கிடைத்தது. 1984இல் போரினாற் கப்பற் போக்குவரத்து நின்றபோது ஒப்பந்தமும் பாதிவழியில் நின்றது.

பின்னர் எவ்வாறு தீர்ந்தது? கப்பலால் அன்று, காகிதத்தால் தீர்ந்தது. 1986, 1988, 2003 ஆகிய ஆண்டுகளிற் சட்டங்கள் இயற்றி, நாடற்றவராய் எஞ்சியிருந்தோருக்கு இந்நாடே பிரஜாவுரிமை வழங்கிற்று. 1948இல் ஒரு பேனாவாற் செய்திருக்கக்கூடிய காரியத்தை 55 ஆண்டுகள் கண்ணீரில் ஊறவைத்துச் செய்தனர். அவ்வாறு உரிமை பெற்றதால் இந்நாடு மூழ்கிப்போயிற்றா? இல்லை. நெடுங்காலம் வேரூன்றிய மக்களைப் பெயர்த்தெறிய முனையும் அரசு அவர்களையும் வதைத்துத் தன்னையும் கெடுத்துக்கொள்ளும் என்பதே ஒப்பாரிக் கோச்சி கற்பித்த பாடம்.

நாம் தோணியேறிய காலம்

தலையிடியும் காய்ச்சலும் தனக்கு வந்தாற்றான் தெரியும் என்பர். 1983க்குப் பின் கடவுச்சீட்டும் விசாவுமின்றித் தோணியேறியவர் நம் பிள்ளைகள். அவர்களை உலகம் எவ்வாறு நடத்திற்று என்பதிலேயே நல்ல வழியும் தீய வழியும் எழுதப்பட்டிருக்கின்றன.

பிரித்தானியாவைப் பாருங்கள். 1987இல் ஐந்து தமிழரின் புகலிடக் கோரிக்கை மறுக்கப்பட்டது. மேன்முறையீடு செய்வதாயின் நாட்டைவிட்டுச் சென்ற பின்னரே செய்யலாம் என்பது அன்றைய விதி. 1988 பெப்ரவரியில் அவர்கள் திருப்பியனுப்பப்பட்டனர். சிலர் இங்கு மீண்டும் துன்புறுத்தப்பட்டனர். 1989இல் அந்நாட்டு மேன்முறையீட்டு விசாரணையாளரே, இவர்களின் அச்சம் நியாயமானது, இவர்களைத் திருப்பியழைக்கவேண்டும் என்று முடிவுசெய்தார். அவ்வாண்டு ஒக்டோபரில் அவர்கள் மீண்டும் இலண்டன் சேர்ந்தனர். அதிகாரி தவறு செய்தார், தவறு திருத்தப்பட்டது, ஆனால் அதற்குள் அடி விழுந்துவிட்டது. விசாரணை முந்தியிருந்தால் அடி விழுந்திராது. இதே வழக்கை 1991இல் ஆராய்ந்த ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் பிரித்தானியா பிழை செய்யவில்லை என்றே கூறிற்று. ஆயினும் 1993இற் பிரித்தானியாவே சட்டத்தை மாற்றி, உள்ளே இருந்தபடி மேன்முறையீடு செய்யும் உரிமையை வழங்கவேண்டியதாயிற்று.

கனடாவைப் பாருங்கள். அகதி எனக் கோருபவர் ஒவ்வொருவரும் தம் வாயாற் கூறுவதை நேரிற் கேட்டே முடிவுசெய்யவேண்டும் என்று 1985 ஏப்ரலில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அடுத்த ஆண்டு ஆகஸ்டில் 155 தமிழர் உயிர்காப்புப் படகுகளில் நியூபவுண்ட்லாந்துக் கடலில் மிதந்தனர். மீனவர் காப்பாற்றினர். இந்தியாவிலிருந்து வந்தோம் என்று அவர்கள் முதலிற் சொன்னது பொய். மேற்கு ஜெர்மனியிலிருந்து கப்பலேறியதே உண்மை. பொய் வெளிப்பட்டதும் பொதுமக்களிற் பலர் சினந்தனர். ஆயினும் அரசாங்கம் அவர்களைக் கப்பலில் ஏற்றித் திருப்பியனுப்பவில்லை. ஓராண்டு தங்கித் தொழில் செய்ய அனுமதி வழங்கியது. வந்த வழியைப் பற்றி ஒருவன் பொய் சொன்னான் என்பதால், அவன் ஓடிவந்த நெருப்பும் பொய்யாகிவிடாது என்பதை அந்நாடு உணர்ந்தது.

அவுஸ்திரேலியாவையும் பாருங்கள். 2014 யூலையில் 41 பேரை நடுக்கடலில் மறித்து, கப்பலில் வைத்தே சில கேள்விகள் கேட்டு, மட்டக்களப்புக் கடலில் இலங்கைக் கடற்படையினரிடம் ஒப்படைத்தனர். அவர்களிற் பெரும்பாலோர் சிங்கள மக்கள் என்பதையும் இங்கு குறிப்பிடவேண்டும். தோணிக்கு இனமில்லை, இன்று நம்மவன், நாளை அவர்களவன்.

இந்தியாவிலோ நம்மவர் 1983 முதல் முகாம்களில் வாழ்கின்றனர். அங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகளையும் 'சட்டவிரோதக் குடியேறிகள்' என்றே ஏடுகள் குறிக்கின்றன. 2019ஆம் ஆண்டின் குடியுரிமைத் திருத்தத்தில் அவர்களுக்கு இடமில்லை. 2015 சனவரி 9ஆம் திகதிக்கு முன் வந்து பதிவுசெய்துகொண்டவருக்குத் தண்டனையிலிருந்து விலக்கு 2025 செப்ரெம்பரிற் கிடைத்தது, உரிமை கிடைக்கவில்லை.

இவ்வளவுக்கும் மேல் ஒரு கொடுமை. 2025 மே மாதத்தில், தமிழ்நாட்டு முகாமிலிருந்து முறைப்படி தாயகம் திரும்பிய முதியவர் ஒருவர் பலாலி விமான நிலையத்திற் கைதுசெய்யப்பட்டார். குற்றம் என்ன? போர்க்காலத்தில் அனுமதிபெற்ற துறைமுகம் வழியாகச் செல்லாமல் நாட்டைவிட்டுப் போனாராம்! குண்டு விழும்போது எந்தத் துறைமுகத்தில் முத்திரை குத்தச் செல்வது? 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின் கை 2025இலும் நம் கிழவர்களைப் பிடிக்கிறது. பின்னர் அவர் பிணையில் விடப்பட்டாலும் விதி விதியாகவே இருந்தது.

பர்மா திருப்பி ஏற்குமா?

இப்போது முள்ளிவாய்க்காற் கரைக்குத் திரும்புவோம். வந்தவர்களை எங்கே அனுப்புவது? 1982ஆம் ஆண்டு பர்மா இயற்றிய குடியுரிமைச் சட்டம், 1823ஆம் ஆண்டுக்கு முன் அந்நாட்டிற் குடியிருந்ததாக அரசு ஏற்கும் இனத்தாருக்கே முழு உரிமை என்றது. றோகிங்கியரை அவ்வினங்களுள் ஒன்றாக அது ஏற்கவில்லை. பூட்டனைக் காட்டு என்று இங்கே 1948இற் கேட்ட அதே கேள்வி! 1978இல் இரண்டு இலட்சம் பேரளவில் வங்காளதேசத்துக்கு ஓடினர், பலர் திருப்பியனுப்பப்பட்டனர். 1991–92இல் மீண்டும் ஓடினர், மீண்டும் அனுப்பப்பட்டனர். 2017 ஆகஸ்டில் மூண்ட கொடுமையில் ஏழு இலட்சத்துக்கு மேற்பட்டோர் எல்லை தாண்டினர். 2020 சனவரியிற் சர்வதேச நீதிமன்றம், எஞ்சியிருக்கும் றோகிங்கியரை இனக்கொலையிலிருந்து பாதுகாக்குமாறு அந்நாட்டுக்குக் கட்டளையிட்டது. 2021 பெப்ரவரியில் இராணுவம் ஆட்சியைக் கைப்பற்றியது.

குடியுரிமை தராத நாட்டுக்கு ஒருவனைத் திருப்பியனுப்புவது, கதவில்லாத சுவரில் அவனைக் கொண்டுபோய் மோதுவதற்கொப்பாகும். அடித்தவனிடமே அடிபட்டவனை ஒப்படைப்பது நாடு கடத்தலன்று, உடந்தை. சித்திரவதைக்கு ஆளாவார் என நம்பக் காரணமுள்ள இடத்துக்கு எவரையும் அனுப்பலாகாது என்ற உடன்படிக்கையை இலங்கை 1994இல் ஏற்றிருக்கிறது. அகதிகள் பற்றிய 1951ஆம் ஆண்டு உடன்படிக்கையில் நாம் சேரவில்லை என்று கொழும்பு சாக்குச் சொல்ல முடியாது.

ஆனால் இந்நாட்டின் பழைய நடத்தை நம்பிக்கை தருவதாயில்லை. 2014 ஆகஸ்டில் பாகிஸ்தானியப் புகலிடக் கோரிக்கையாளரை, ஐ.நா. அகதிகள் ஸ்தானிகராலயத்தின் கண்டனத்தையும் பொருட்படுத்தாது அரசு நாடு கடத்திற்று. 2017 செப்ரெம்பரிற் கல்கிசையில் ஐ.நா. பாதுகாப்பிலிருந்த 31 றோகிங்கியரைப் பிக்குகள் தலைமையில் வந்த கூட்டமொன்று சூழ்ந்து தாக்கியது. 2019 ஏப்ரற் குண்டுவெடிப்புகளுக்குப் பின் நீர்கொழும்பில் வாடகை வீடுகளிலிருந்த பாகிஸ்தானிய, ஆப்கானிய அகதிகள் விரட்டப்பட்டனர். அவர்களுட் சிலருக்கு வவுனியாப் பூந்தோட்டத்தில் இடம் கிடைத்தது. விரட்டப்பட்டோர் இறுதியில் வந்து சேர்வது வன்னி மண்ணுக்கே என்பது தற்செயலா?

எழும் ஆட்சேபங்கள்

நம் வாசகருட் சிலர் நியாயமான ஐயங்களை எழுப்புகின்றனர். நம் காணிகளே படையினரிடமும் திணைக்களங்களிடமும் சிக்கியிருக்கும்போது பிறருக்கு ஏது இடம் என்கின்றனர். காணியைப் பிடித்தவன் அகதியல்லன். படகில் வந்த நூறு பேரை அனுப்பிவிட்டால் கேப்பாப்புலவில் ஒரு பரப்புக் காணியேனும் விடுபடுமா? நம் கோபம் உரிய முகவரிக்குச் செல்லட்டும்.

குடியேற்றத்தை எதிர்த்த நாமே குடியேற்றத்தை ஆதரிப்பதா என்று வேறு சிலர் கேட்கின்றனர். கல்லோயா முதற்கொண்டு நாம் எதிர்த்துவந்தது, ஒரு பிரதேசத்தின் குடிசனப் பரம்பலை மாற்ற அரசே வகுத்து, அரசே பணம் கொடுத்து, அரசே காவல் நின்று நடத்திய குடியேற்றத்தை. உயிர் தப்பிவந்தவன் எவருடைய அரசியற் திட்டமுமல்லன். இரண்டையும் ஒன்றெனக் கூறுவது நம் வாதத்தை நாமே கெடுப்பதாகும்.

இந்திய இழுவைப் படகுகளும் எல்லை தாண்டுகின்றனவே என்று கடற்றொழிலாளர் கேட்கின்றனர். ஆம், அவை தாண்டுகின்றன, நம் வலைகளை அறுக்கின்றன, கடலின் அடியையே வாரிச் செல்கின்றன. அவற்றின்மேற் சட்டம் கண்டிப்பாகப் பாயட்டும். எல்லை தாண்டினார் என்ற ஒன்றை மட்டும் பாராது, எதற்காகத் தாண்டினார் என்று பார்க்கவேண்டும் என்பதற்கு இதுவே தக்க சான்று. கொள்ளையிட வந்தவனையும் உயிர்ப்பிச்சை கேட்டு வந்தவனையும் ஒரே தராசில் நிறுக்கும் சட்டம் கடற்றொழிலாளிக்கும் உதவாது, அகதிக்கும் உதவாது.

ஒருவரை ஏற்றால் ஆயிரம் பேர் வருவர் என்ற அச்சமும் உண்டு. இரண்டு கோடிக்கு மேற்பட்ட மக்கள் வாழும் இந்நாட்டை நாடி ஒரு நூறு பேர் வருவது அரிதாக நிகழ்வது. அவர்களுட் பலர் இங்கு தங்கும் நோக்கமின்றி வேறிடம் செல்லும் வழியிற் கடலால் ஒதுக்கப்பட்டோர். தக்க காரணமின்றி வருவோரைத் தடுப்பதற்கும் விரைவான, நேர்மையான விசாரணையே சிறந்த வழி. ஆண்டுக்கணக்காக முகாமிற் போட்டுவைப்பதால் எவரும் அஞ்சி நிற்பதில்லை. செலவு மட்டுமே ஏறும்.

செய்யவேண்டியவை

ஆகவே அரசாங்கத்தின் முன்னும், குறிப்பாக நம் பாராளுமன்றப் பிரதிநிதிகளின் முன்னும் நாம் வைப்பவை இவை.

முதலாவது, புகலிடம் கோருவோரை விசாரிப்பதற்குச் சுதந்திரமான நியாயசபை ஒன்றைச் சட்டத்தால் நிறுவவேண்டும். இவ்வேலையை ஐ.நா. ஸ்தானிகராலயத்தின் தலையிற் சுமத்திவிட்டு நாடு நெடுங்காலம் கைகட்டி நின்றது போதும். மொழிபெயர்ப்பாளரும் சட்டத்தரணியும் கோரிக்கையாளருக்குக் கிடைக்கவேண்டும். மறுக்கப்பட்டோர் மேன்முறையிடலாம், அம்முறையீடு முடியும்வரை எவரையும் அனுப்பலாகாது.

இரண்டாவது, தடுத்துவைப்பதற்குக் காலவரையறை வேண்டும். குழந்தைகளும் தாய்மாரும் படைமுகாமில் இருக்கலாகாது. சிவில் அதிகாரிகளின் பொறுப்பிலேயே இருக்கவேண்டும். மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு எந்நேரமும் வாயில் திறந்திருக்கவேண்டும்.

மூன்றாவது, தண்டனை ஆட்கடத்தி இலாபம் தேடுபவனுக்கேயன்றி அவனிடம் நகையையும் நிலத்தையும் விற்றுக் கொடுத்துப் படகேறியவனுக்கன்று. கடலில் உயிர் காக்கும் மீனவரை ஒருபோதும் சந்தேகத்துக்குரியவராக நடத்தலாகாது.

நான்காவது, புகலிடக் காரணமின்றி விசாக்காலம் கடந்து தங்கியோருக்கு அபராதமின்றி வெளியேறத் தவணை கொடுக்கவேண்டும். ஐக்கிய அரபு அமீரகம் 2024இல் நான்கு மாதப் பொதுமன்னிப்பு வழங்கிற்று. வளைகுடா நாடுகளில் அத்தகைய மன்னிப்பாற் பயன்பெற்றுக் கௌரவத்துடன் வீடு திரும்பிய இலங்கைத் தொழிலாளர் பலர். நம்மவருக்கு அங்கே வேண்டும் என்று நாம் விரும்புவதைப் பிறருக்கு இங்கே மறுப்பது எந்த நியாயம்? தவணை கடந்தும் செல்லாதவரை, விசாரணையின் பின், பகிரங்கமாகவும் மரியாதையாகவும் அனுப்பலாம். நாம் அதனை எதிர்க்கமாட்டோம்.

ஐந்தாவது, போர்க்காலத்தில் உயிர்தப்பி நாட்டைவிட்டுச் சென்றோர் திரும்பும்போது குடிவரவு குடியகல்வுச் சட்டத்தின்கீழ் வழக்குத் தொடரப்படலாகாது என்பதைச் சட்டத்திலேயே எழுதவேண்டும். அமைச்சரின் வாக்குறுதி போதாது. அமைச்சர்கள் மாறுவர், சட்டப் புத்தகம் மாறாது.

இவற்றை எல்லாம் கொழும்பு தானாகச் செய்யும் என்று நாம் எதிர்பார்க்கவில்லை. சட்டம் கற்றோர் நம்மிடையே நிரம்ப உளர். ஒரு மசோதாவை எழுதித் தமிழ், முஸ்லிம், மலைநாட்டுப் பிரதிநிதிகள் ஒருங்கே கையொப்பமிட்டுத் தனியார் பிரேரணையாகப் பாராளுமன்றத்தில் வைப்பதற்கு எவருடைய அனுமதியும் வேண்டியதில்லை. அது தோற்கலாம். ஆயினும் 1948இல் நம்மவர் ஒன்றுபட்டு நின்றிருந்தால் வரலாறு எவ்வாறு திரும்பியிருக்கும் என்ற கேள்வியை நம் பேரப்பிள்ளைகளும் நம்மைப் பற்றிக் கேட்கும்படி விடலாகாது.

ஜெனீவாவிலும் நியூயோர்க்கிலும் நம் துயரைக் கேளுங்கள் என்று நாம் மன்றாடுகிறோம். கேட்கவேண்டும் என்று பிறரிடம் கோருபவன், தன் கரையில் ஒருவன் வந்து நின்று கோரும்போது காதைப் பொத்தலாமா? முள்ளிவாய்க்கால் மீனவர் தத்துவம் படித்தவரல்லர். ஆயினும் யார், எவர், எம்மதம் என்று கேளாமல் முதலில் நீர் கொடுத்தனர். அதன்பின் கேட்கவேண்டியதைக் கேட்பது அரசின் கடமை. நீர் கொடுக்கும் கடமையை மக்கள் செய்துவிட்டனர். கேட்கும் கடமை இன்னும் செய்யப்படவில்லை.